கணினிகளுக்குப் பாலம் அமைத்த கேரி கில்டால்

நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கணினி ஒருநாள் திடீரென்று முரண்டு பிடிக்கும். புதிய திரை அட்டையோ ஒலி அட்டையோ பொருத்திய மறுநாள், தொடக்கத் திரை தோன்றியதும் அப்படியே உறைந்து நிற்கும். அத்தகைய வேளையில் பழுதுபார்ப்பவர் முதலில் செய்வது, தொடக்கப் பட்டியலை வரவழைத்து, அதில் உள்ள ‘பாதுகாப்பான முறை’யைத் தேர்ந்தெடுப்பதுதான். அம்முறையில் கணினி தனக்கு இன்றியமையாத பகுதிகளை மட்டும் எழுப்பிக்கொள்ளும். விசைப்பலகை வேலை செய்யும். திரையில் எழுத்துகள் பெரியனவாகவும் வண்ணங்கள் குறைந்தும் தெரியும். ஒலி இருக்காது, இணையம் இருக்காது. ஆனால், கணினி விழித்துக்கொள்ளும். பழுதைத் தேட ஒரு வழி பிறக்கும்.

பழுதான ஒரு பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டு கணினியால் எழ முடிவது எப்படி? இயங்குதளத்தின் பெரும்பகுதிக்குத் தான் எந்தத் திரையோடு, எந்த வட்டோடு வேலை செய்கிறோம் என்பது தெரிய வேண்டியதில்லை. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் சிறு நிரல்கள் தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. தனியே இருப்பதால்தான் அவற்றை மாற்றவும் விலக்கவும் முடிகிறது. இந்தப் பிரிவினையைச் சிறிய கணினிகளின் உலகில் வேரூன்றச் செய்தவர் கேரி கில்டால். அவருடைய பெயரைப் பலர் அறியமாட்டார்கள். அறிந்தவர்களிலும் சிலர், நடந்ததற்கு மாறான ஒரு கதையால்தான் அவரை அறிந்திருக்கிறார்கள்.

கப்பலோட்டக் கற்பித்த குடும்பம்

கேரி கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டல் நகரில் பிறந்தார். சியாட்டல் ஒரு துறைமுக நகரம். அவருடைய குடும்பத்தார் அங்கே கடற்பயணக் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பவற்றைக் கணக்கிடக் கடலோடிகள் அப்பள்ளியில் கற்றனர். இளமையில் கேரியும் அங்கே பாடம் நடத்தியிருக்கிறார்.

கணித ஆசிரியராக வேண்டும் என்பதே அவருடைய முதல் விருப்பம். அந்த எண்ணத்தோடுதான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கணினியைக் கண்டதும் அவருடைய கவனம் அதன் பக்கம் திரும்பியது. அக்காலக் கணினிகள் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தவை. ஒருவர் தம் மேசைமேல் வைத்துக்கொள்ளக் கூடிய கணினி என்பது அப்போது கற்பனைக்கும் எட்டாதது.

அது வியட்நாம் போர் நடந்த காலம். இளைஞர்கள் பலர் படையில் சேர வேண்டியிருந்தது. கில்டால் தம் கடமையைக் கடற்படையில் நிறைவேற்றினார். கலிபோர்னியா மாநிலத்தில் மான்டரே என்னும் கடலோர ஊரில் கடற்படையின் முதுநிலைக் கல்லூரி இருந்தது. அதிகாரிகளுக்கு அங்கே பாடம் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை வேறொரு வழியில் நிறைவேறியது. 1972-இல் அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

கொட்டகையில் ஓடிய வட்டு

1971-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணக்கிடும் மூளை முழுவதும் விரல் நுனி அளவான ஒரு சில்லுக்குள் அடங்கியிருந்தது. போக்குவரத்து விளக்குகள், கணக்கிடும் பொறிகள் போன்றவற்றைக் கட்டுப்படுத்தவே அது பயன்படும் எனப் பலர் நினைத்தனர். கில்டால் அதை ஒரு முழுக் கணினியின் விதையாகப் பார்த்தார். அதற்கு நிரல்கள் எழுதிப் பார்த்தார். விரைவில், கல்லூரியில் வகுப்பு இல்லாத நாள்களில் இன்டெல் நிறுவனத்தின் ஆலோசகராகவும் வேலை செய்யத் தொடங்கினார்.

அப்போது நுண்செயலிக்கு நிரல் எழுதுவது மிகக் கடினம். ஒவ்வொரு சிறு செயலையும் சில்லுக்குப் புரியும் குறியீடுகளாக எழுத வேண்டும். இந்தக் கடினத்தைக் குறைக்க, 1973-இல் கில்டால் பிஎல்/எம் என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய சொற்களால் நுண்செயலிக்கு நிரல் எழுத அது வழிசெய்தது.

அடுத்து எதிர்ப்பட்ட சிக்கல், எழுதிய நிரல்களை எதில் சேமிப்பது என்பது. அந்நாளில் பலர் துளையிட்ட காகித நாடாக்களைப் பயன்படுத்தினர். தொலையச்சுப் பொறியின் வழி நாடாவைப் படித்தால், நொடிக்குப் பத்து எழுத்துகள்தாம் கணினிக்குள் செல்லும். எட்டு அங்குல நெகிழ்வட்டு ஒன்றோ ஏறக்குறைய இரண்டரை இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. அத்தனை எழுத்துகளையும் நாடாவிலிருந்து படிக்க ஏழு மணி நேரம் ஆகும். நெகிழ்வட்டை நுண்செயலியோடு இணைத்துவிட்டால் சிறிய கணினியின் தன்மையே மாறிவிடும் என்பதைக் கில்டால் உணர்ந்தார்.

ஷுகார்ட் நிறுவனத்திடமிருந்து, சோதனைகளில் ஓடி ஓடித் தேய்ந்த வட்டியக்கி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைக் கணினியோடு இணைக்க ஒரு மின்பலகை தேவைப்பட்டது. மென்பொருளில் வல்லவரான கில்டால் அந்தப் பலகையைத் தாமே செய்ய முயன்று தோற்றார். பல்கலைக்கழக நண்பரான ஜான் டோரோட் உதவிக்கு வந்தார். 1974-இல் டோரோட் செய்த பலகையும் கில்டால் எழுதிய நிரலும் ஒன்றுசேர்ந்தன. பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில், கில்டால் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் வட்டு ஓடத் தொடங்கியது. அந்த நிரலின் பெயர் சிபி/எம். நுண்கணினிகளுக்கென வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் இயங்குதளம் அதுவே.

கில்டால் அதை இன்டெல் நிறுவனத்திடம் கொடுக்க முன்வந்தார். இன்டெல் அதை வாங்கவில்லை. எனவே, அவரும் அவருடைய மனைவி டோரதியும் சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அது பின்னாளில் டிஜிட்டல் ரிசர்ச் என்று அழைக்கப்பட்டது. கணவர் நிரல்களைக் கவனித்தார். மனைவி வணிகத்தைக் கவனித்தார்.

ஒரே வேலையை எத்தனை முறை செய்வது?

1970-களின் நடுப்பகுதியில் சிறிய கணினிகளைச் செய்யும் நிறுவனங்கள் பல தோன்றின. ஒருவருடைய கணினி மற்றவருடையதைப் போல இருக்காது. ஒன்றில் இந்த வகைத் திரை, மற்றொன்றில் அந்த வகைத் தொலையச்சுப் பொறி. வட்டுகளும் வேறு; அவற்றை இயக்கும் பலகைகளும் வேறு. ஒரு புதிய கணினிக்குச் சிபி/எம் தேவைப்பட்டபோதெல்லாம் அதன் உள்ளே புகுந்து, வன்பொருளைத் தொடும் இடங்களைத் தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது. ஓரிடத்தில் செய்த திருத்தம் வேறோரிடத்தில் புதிய பிழையை உண்டாக்கலாம்.

இம்சாய் என்னும் நிறுவனம் தன் கணினிக்கு இயங்குதளம் வேண்டும் என்று கேட்டு வந்தபோது இந்தச் சிக்கல் முற்றியது. கில்டாலிடம் முன்பு கல்லூரியில் பயின்ற கிளென் யூவிங் என்பவர்தாம் அந்நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தார். மீண்டும் ஒருமுறை அதே திருத்த வேலையைச் செய்யக் கில்டாலுக்கு மனமில்லை. வன்பொருளைத் தொடும் பகுதிகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, அவற்றைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைத்தார். அந்தப் பகுதிக்குப் பயாஸ் என்று பெயர். ‘அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு’ என்பது அப்பெயரின் பொருள்.

ஒரு வீட்டுச் சமையலை எடுத்துக்கொள்வோம். பாட்டி காலத்தில் விறகடுப்பு, அம்மா காலத்தில் எரிவாயு அடுப்பு, இப்போது மின்னடுப்பு. அடுப்பு மாறும்போதெல்லாம் சாம்பார் வைக்கும் முறையை நாம் புதிதாகக் கற்பதில்லை. எப்படிப் பற்றவைப்பது, சூட்டை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்பதை மட்டும் தெரிந்துகொள்கிறோம். கில்டால் செய்த பிரிவினையும் இத்தகையதே. அடுப்பைப் பற்றிய அறிவைப் பயாஸிடம் ஒப்படைத்தார். சமையல் முறையைத் தொடாமல் விட்டார்.

சிபி/எம் மூன்று பகுதிகளாக அமைந்தது. முதல் பகுதி, பயனர் தட்டச்சு செய்யும் கட்டளையைப் படித்துப் புரிந்துகொள்ளும். இரண்டாம் பகுதி, வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்துத் தேவைப்படும்போது எடுத்துத் தரும். மூன்றாம் பகுதியான பயாஸ், விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி, வட்டு ஆகியவற்றோடு நேரடியாகப் பேசும். முதல் இரண்டு பகுதிகளும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் இருந்தன. மூன்றாவது மட்டும் கணினிக்குக் கணினி மாறியது.

சிபி/எம் இரண்டாம் பதிப்பின் பயாஸில் 17 வேலைகள் ஒரு பட்டியலாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தைப் பெறுதல், திரைக்கு ஓர் எழுத்தை அனுப்புதல், வட்டின் குறிப்பிட்ட பகுதியைப் படித்தல், அதில் எழுதுதல் போன்றவை அவை. புதிய கணினியைச் செய்பவர் இந்த 17 வேலைகளையும் தம் கணினிக்கு ஏற்ப எழுதிக் கொடுத்தால் போதும். சிபி/எம் அதில் ஓடத் தொடங்கிவிடும்.

அந்தப் பட்டியலின் முதல் இரண்டு வேலைகளும் தொடக்கத்தைப் பற்றியவை. முதலாவது, மின்சாரம் கொடுத்ததும் கணினியை முழுமையாகத் தொடக்கும். இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்தாமலேயே இயங்குதளத்தின் மேற்பகுதிகளை வட்டிலிருந்து மீண்டும் ஏற்றும். பயன்பாட்டு நிரல் ஒன்று நினைவகத்தில் இயங்குதளத்தின் இடத்தையும் எடுத்துக்கொண்டிருந்தால், அந்நிரல் முடிந்தபின் இந்த இரண்டாம் வழியில் கணினி பழைய நிலைக்குத் திரும்பும்.

வன்பொருளைத் தேர்ந்தெடுக்கவும் சிபி/எம் ஒரு வழி வைத்திருந்தது. நினைவகத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு பைட்டு இதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள் உண்டு. பயனர் பேசும் கருவி, படிக்கும் கருவி, துளையிடும் கருவி, அச்சிடும் கருவி ஆகிய நான்கிற்கும் தலா இரண்டு பிட்டுகள். இரண்டு பிட்டுகளைக் கொண்டு நான்கு தேர்வுகளைக் குறிக்கலாம். அச்சுப்பொறிக்குப் பதிலாகத் திரையில் காட்ட வேண்டுமா? அந்த இரண்டு பிட்டுகளை மாற்றினால் போதும். பயாஸ் இதற்கு இடம் தந்திருந்தால், பயனர் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தே இதைச் செய்யலாம். கணினியைப் பிரிக்கவோ நிரலைத் திருத்தவோ தேவையில்லை. தன் கணினியில் எந்தக் கருவி வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை இவ்வாறு பயனரின் கைக்கு வந்தது.

மூவாயிரம் வகைக் கணினிகள்

இந்தப் பிரிவினையின் பயன் விரைவிலேயே தெரிந்தது. இம்சாய் நிறுவனம் 25,000 டாலர் கொடுத்துச் சிபி/எம் உரிமம் பெற்றது. தொடர்ந்து மற்ற நிறுவனங்களும் வந்தன. 1981-ஆம் ஆண்டு வாக்கில் ஏறக்குறைய 3,000 வகைக் கணினிகளில் சிபி/எம் ஓடியது. டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 54 இலட்சம் டாலரை எட்டியது.

மென்பொருள் எழுதுவோருக்கும் இது பெரிய வாய்ப்பாக அமைந்தது. அதுவரை ஒவ்வொரு வகைக் கணினிக்கும் தனித்தனியே நிரல் எழுத வேண்டியிருந்தது. இப்போது சிபி/எம்-ஐ மனத்தில் வைத்து எழுதினால் பல வகைக் கணினிகளில் ஓடும். வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலியும் டிபேஸ் என்னும் தரவுத்தள மென்பொருளும் அவ்வாறு புகழ்பெற்றவை.

ஒரு நாளும் ஒரு கதையும்

1980-இல் ஐபிஎம் நிறுவனம் தனிநபர் கணினி ஒன்றைச் செய்ய முடிவெடுத்தது. உலகின் மிகப் பெரிய கணினி நிறுவனம் அது. அதன் அலுவலர்கள் முதலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பில் கேட்ஸைச் சந்தித்தனர். இயங்குதளத்துக்கு டிஜிட்டல் ரிசர்ச்சை நாடுமாறு அவர் அவர்களை அனுப்பிவைத்தார். ஐபிஎம் அலுவலர்கள் பசிபிக் குரோவுக்கு வந்தனர்.

கில்டாலுக்கு விமானம் ஓட்டத் தெரியும். அன்று காலை அவர் தம் சிறிய விமானத்தில் வெளியூர் சென்றிருந்தார். இந்த ஒரு செய்தியை வைத்து ஒரு கதை கிளம்பியது. அவர் பொழுதுபோக்காக வானில் பறந்துகொண்டிருந்தார் என்றும், அதனால் வாசலுக்கு வந்த பெரும் செல்வத்தைக் கோட்டைவிட்டார் என்றும் அக்கதை கூறியது. அது செய்தித்தாள்களிலும் நூல்களிலும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது.

நடந்தது வேறு. அவர் வணிக வேலையாக ஒரு வாடிக்கையாளரிடம் சென்றிருந்தார். நிறுவனத்தின் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் பொறுப்பு வழக்கமாகவே டோரதியிடம்தான் இருந்தது. ஐபிஎம் நீட்டிய இரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருப்பதாக அவரும் நிறுவனத்தின் வழக்கறிஞரும் கருதி, கையெழுத்திடத் தயங்கினர். பிறகும் பேச்சு நடந்தது. ஆனாலும் விலை, உரிமை ஆகியவற்றில் உடன்பாடு ஏற்படவில்லை.

ஐபிஎம் மீண்டும் மைக்ரோசாஃப்டை நாடியது. கில்டால் பிறந்த சியாட்டல் பகுதியிலேயே இயங்கிய சிறு நிறுவனம் ஒன்றில், டிம் பாட்டர்சன் என்னும் பொறியாளர் ஓர் இயங்குதளத்தை எழுதியிருந்தார். சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அதன் செயல்முறை அழைப்புகள் சிபி/எம்-ஐ ஒட்டியே அமைக்கப்பட்டிருந்தன. மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, ஐபிஎம் கணினிக்கு ஏற்பச் செம்மைப்படுத்தியது. அதுவே டாஸ். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐபிஎம் தனிநபர் கணினி வெளிவந்தது.

புதிய இயங்குதளம் தம்முடையதைப் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்ட கில்டால் எதிர்ப்புத் தெரிவித்தார். அவருடைய சிபி/எம்-86 இயங்குதளத்தையும் தன் கணினிக்கு விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. சில மாதங்கள் கழித்து அது விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 240 டாலர். டாஸின் விலையோ 40 டாலர். மக்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும், அந்த ஐபிஎம் கணினியின் உள்ளே ஒரு நிலையான சில்லில், வன்பொருளோடு பேசும் நிரல் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் பயாஸ். கில்டால் தந்த பெயரும் கருத்தும் அப்படியே அங்கே இருந்தன.

கேள்விக்குறி வைத்த வரி

வாய்ப்பை இழந்த பின்னும் கில்டால் ஓய்ந்துவிடவில்லை. 1983-ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள், கணினி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைத் துணைநெறியாளராக இருந்து நடத்தினார். கடினமான செய்திகளையும் எளிமையாக விளக்கும் ஆசிரியரின் இயல்பு அதில் வெளிப்பட்டது. 1985-இல் அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம், பல தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியம் ஒன்றின் உரை முழுவதையும் ஒரே குறுவட்டில் வெளியிட்டது.

இதற்கிடையே தனிநபர் கணினிகளில் பொருத்தும் கருவிகள் பெருகின. சுட்டி, ஒலி அட்டை, குறுவட்டு இயக்கி, வலையமைப்பு அட்டை என ஒவ்வொன்றுக்கும் ‘டிரைவர்’ எனப்படும் தனி இயக்கி நிரல் தேவைப்பட்டது. தொடங்கும்போது எந்தெந்த டிரைவர்களை ஏற்ற வேண்டும் என்பதை டாஸில் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைப்பார்கள். அதில் ஒரு வரி தவறானாலும் கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடலாம். தவறைத் திருத்த வேண்டுமானால் கணினிக்குள் நுழைய வேண்டும். நுழையவோ அந்தத் தவறே தடையாக நிற்கும். இதற்கென வேறொரு நெகிழ்வட்டைத் தயாராக வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். வைத்திராதவர்கள் திண்டாடினார்கள்.

டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் 1988 முதல் டிஆர் டாஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டு வந்தது. நிறுவனத்தின் பொறியாளர்கள் அதில் எளிய தீர்வு ஒன்றைத் தந்தனர். அந்தக் கோப்பில் ஒரு வரியின் முன்னால் கேள்விக்குறி இட்டுவிட்டால், கணினி தொடங்கும்போது அந்த வரியில் சற்று நின்று, இதைச் செயல்படுத்தலாமா என்று பயனரைக் கேட்கும். ஆம் என்றால் ஏற்றும். இல்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும். ஐயத்துக்குரிய டிரைவரை மட்டும் விலக்கிவிட்டுக் கணினியை எழுப்ப இது உதவியது.

1991-இல் டிஜிட்டல் ரிசர்ச், நோவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1993-இல் கில்டால் தம் வாழ்க்கையை நினைவுக் குறிப்புகளாக எழுதி, நெருங்கியவர்கள் சிலருக்கு மட்டும் கொடுத்தார். மறு ஆண்டு மான்டரேயில் அவருடைய தலையில் காயம் ஏற்பட்டது. சில நாள்களில், 1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் நாள், அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

அவருக்குப் பின்

தொடக்கத்தின்போது தேர்வுகளைத் தரும் வழக்கம் பரவிக்கொண்டே சென்றது. 1993-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டாஸின் ஆறாம் பதிப்பில், தொடக்கத்தின்போது எஃப்5 விசையை அழுத்தினால் அந்தக் கோப்புகளை முற்றாகத் தவிர்க்கலாம். எஃப்8 விசையை அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் ஒப்புதல் தரலாம். கில்டால் மறைந்த மறு ஆண்டு, 1995 ஆகஸ்டில், விண்டோஸ் 95 வெளிவந்தது. அதில் எஃப்8 விசை ஒரு முழுத் தொடக்கப் பட்டியலையே காட்டியது. வழக்கமான தொடக்கம், நடப்பதை எல்லாம் ஒரு கோப்பில் பதிவு செய்யும் தொடக்கம், படிப்படியாக ஒப்புதல் கேட்கும் தொடக்கம், கட்டளை வரி மட்டும் கொண்ட தொடக்கம் ஆகியவற்றோடு பாதுகாப்பான முறையும் அப்பட்டியலில் இருந்தது.

பாதுகாப்பான முறையின் அமைப்பில் சிந்தனை தெரிகிறது. அதில், புதிய திரை அட்டைக்கு உரிய டிரைவருக்குப் பதிலாக, ஏறக்குறைய எல்லாத் திரை அட்டைகளும் ஏற்கும் பொதுவான டிரைவர் ஒன்று பயன்படும். அதனால்தான் விண்டோஸ் 95-இல் காட்சி 640 × 480 புள்ளிகளாகவும் 16 வண்ணங்களாகவும் சுருங்கியது. அழகு குறைந்தாலும் காட்சி உறுதியாகத் தெரியும். முந்தைய முறை கணினி முழுமையாகத் தொடங்கவில்லை என்றால், பயனர் எந்த விசையையும் அழுத்தாமலேயே பட்டியல் தானாகத் தோன்றிப் பாதுகாப்பான முறையைப் பரிந்துரைக்கும். எந்த விசையை அழுத்த வேண்டும் என்று அறியாதவருக்கும் அது வழிகாட்டியது.

வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் என்ன செய்கிறோம்? எல்லா விசைகளையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறோம். எதைப் போட்டதும் மின்சாரம் துண்டிக்கப்படுகிறதோ, அதுவே பழுதான இடம். பாதுகாப்பான முறையில் கணினியைத் தொடக்கிப் பழுதைத் தேடுபவரும் இதையே செய்கிறார். வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் தனி விசை இருப்பதால்தான் அவ்வாறு சோதிக்க முடிகிறது. எல்லாம் ஒரே கம்பியில் பின்னிக் கிடந்தால் சோதிக்க இயலாது.

பாதுகாப்பான முறையைக் கில்டால் வடிவமைக்கவில்லை. அதை வடிவமைத்தவர்கள் வேறு நிறுவனத்தில், வேறு காலத்தில் வேலை செய்தவர்கள். ஆயினும், வன்பொருளைத் தொடும் பகுதியைத் தனியே வைக்க வேண்டும் என்னும் வழக்கம் சிறிய கணினிகளில் அவருடைய சிபி/எம் வழியாகவே நிலைபெற்றது. ஓயாத திருத்த வேலையில் சலித்துப்போன ஓர் ஆசிரியர், அடுத்துவரும் கணினியை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம் அது. அந்த அடுத்த கணினி எப்படி இருக்கும் என்பது அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கும் இடம்விட்டு அமைத்ததால்தான் அவருடைய கருத்து அவர் கண்டிராத கணினிகளிலும் நிலைத்திருக்கிறது.

அண்மைக் காலக் கணினிகளில் பழைய பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ என்னும் புதிய அமைப்பு எடுத்துக்கொண்டது. இருந்தும், கணினி தொடங்கும்போது வன்பொருள் தேர்வுகளை மாற்றும் திரையைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் பயாஸ் என்றே குறிப்பிடுகிறார்கள்.

விமானத்தில் பறந்து வாய்ப்பை விட்டவர் என்ற கதையோடு கில்டாலின் பெயரை முடித்துவிட அவரை அறிந்தவர்கள் உடன்படவில்லை. 2014-ஆம் ஆண்டு, பசிபிக் குரோவில் அவருடைய நிறுவனம் இயங்கிய பழைய வீட்டின் முன், சிபி/எம் உருவானதைப் போற்றி உலகளாவிய மின்பொறியாளர் கழகம் ஒன்று நினைவுப் பலகை பதித்தது. 2016-இல் அவருடைய நினைவுக் குறிப்புகளின் ஒரு பகுதி, குடும்பத்தாரின் இசைவோடு பொதுமக்கள் படிப்பதற்கு வெளியிடப்பட்டது. ஒருவரைப் பற்றிப் பலரும் சொல்லும் கதையைக் கேட்டவுடன் நம்பிவிடாமல், அவர் செய்த வேலையையும் தேடிப் பார்க்க வேண்டும். கேரி கில்டாலைப் பொறுத்தவரை, அவர் செய்த வேலை அந்தப் பழைய வீட்டின் முன் உள்ள பலகையில் மட்டும் இல்லை. எழ மறுக்கும் கணினி ஒன்றைப் பழுதுபார்ப்பவர் மீண்டும் எழுப்பும் ஒவ்வொரு முறையும் அது பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.